சத்தமே வராத கிரைண்டருக்கு ஆர்மேச்சர் மாற்றாதீர்கள்

கேள்வி: என்னுடைய 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிட்டது. புகை, தீப்பொறி எதுவும் இல்லை. அதற்குப் பிறகு சுவிட்சைப் போட்டால் சின்னச் சத்தம்கூட வருவதில்லை. ரிப்பேர் கடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஆர்மேச்சர் போய்விட்டது, புது மெஷின் வாங்குவதே லாபம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கும் அவர்கள் சொல்லும் நோய்க்கும் பொருத்தமே இல்லை.

ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் சுழலும் பகுதி, அதில் செம்புக் கம்பிச் சுருள்கள் (காயில்) சுற்றியிருக்கும். அது போகிற மெஷின் சும்மா போகாது, ஆர்ப்பாட்டம் செய்துவிட்டுத்தான் போகும். காற்றுத் துளை வழியாக நீலமும் மஞ்சளுமாகத் தீப்பொறி பறக்கும், இழுவை குறையும், உடம்பு கையில் பிடிக்க முடியாமல் சுடும், கடைசியில் வார்னிஷ் கருகிய வாடை வரும். அந்த வாடை நாலு நாளானாலும் போகாது. இப்போதே காற்றுத் துளையில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். தூசி வாடை மட்டும்தான் என்றால் உங்கள் ஆர்மேச்சர் பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது. காரணம் எளிது. ஆர்மேச்சருக்குள் போகிற மின்சாரம் இரண்டு வழியாகப் பிரிந்து போகிறது. ஒரு காயில் அறுந்தாலும் மற்ற வழி மிச்சம் இருக்கும். மெஷின் உதறும், பொறி விடும், ஆனால் அடியோடு ஊமையாகிவிடாது. சத்தமே இல்லை என்றால் மின்சாரம் எங்கோ ஒரு இடத்தில் மொத்தமாக அறுந்திருக்கிறது. அந்த இடம் ஒயராக இருக்கும், சுவிட்சாக இருக்கும், இல்லை கார்பன் பிரஷ்ஷாக, அதாவது சுழலும் ஆர்மேச்சரை உரசியபடியே மின்சாரம் கொடுக்கும் கரிக்கட்டியாக இருக்கும். அபூர்வமாக பீல்டு காயில், அதாவது ஆர்மேச்சரைச் சுற்றி அசையாமல் இருக்கும் சுருள்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஓடாத மெஷின் மடியில் இருக்கும்போது திடீரென்று உயிர் பெற்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அதே சாக்கெட்டில் வேறு ஏதாவது ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டீர்கள்தானே? சிரிக்க வேண்டாம். என்னிடம் வரும் ‘செத்த’ மெஷின்களில் சில, பிளக்கைச் செருகியதும் ஓடுகின்றன. கோளாறு அவர்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியில்.

அடுத்து ஒயர். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் கழுத்து ஒன்று இருக்கிறது பாருங்கள், அந்த இடம்தான் வளைந்து வளைந்து உள்ளே செம்பு அறுந்துபோகும். மேலே ரப்பர் ஒரு கீறலும் இல்லாமல் புதிதுபோல இருக்கும். அந்தக் கழுத்தை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் தொளதொளவென்று மடிந்தால் அறுந்தது அங்கேதான். ஒருவர் இதே கோளாறுக்கு இரண்டு ஆர்மேச்சர் மாற்றிய பிறகு என்னிடம் வந்தார். நான் செய்ததெல்லாம் ஒயரில் அரை அடியை வெட்டிவிட்டு மறுபடி இணைத்ததுதான்.

ஒயர் சரி என்றால் கார்பன் பிரஷ். உங்கள் கேள்வியில் ‘சட்டென்று’ என்ற வார்த்தையைப் படித்ததுமே எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். சாதாரண பிரஷ் தேயத் தேயப் பொறி அதிகமாகும், மெஷின் விட்டுவிட்டு ஓடும், தட்டினால் கொஞ்ச நேரம் ஓடும். நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் தானாக நிறுத்தும் பிரஷ் என்று ஒரு வகை உண்டு. அந்தக் கார்பன் கட்டிக்கு நடுவில் ஒரு சின்னக் குழி, அதற்குள் ஸ்பிரிங், அதன் முனையில் மின்சாரம் பாயாத பிளாஸ்டிக் ஊசி. கார்பன் குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் ஊசி வெளியே துள்ளி வந்து, பிரஷ்ஷை கம்யூட்டேட்டரிலிருந்து, அதாவது ஆர்மேச்சரில் அது உரசும் செம்பு வளையத்திலிருந்து, தூக்கிவிடும். மெஷின் அந்த நொடியே நிற்கும். பொறி இல்லை, வாடை இல்லை, முன்னறிவிப்பு இல்லை. கம்யூட்டேட்டர் கீறிப் போகாமல் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. அதாவது மெஷின் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது. அதைத்தான் செத்துவிட்டது என்று உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள். ஒரு பக்கத்து பிரஷ் மட்டும் இப்படித் தூக்கிக்கொண்டாலும் போதும், மெஷின் ஓடாது. அதனால் ஒன்றைக் கழற்றிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று மூடிவிடாதீர்கள், இரண்டையும் வெளியே எடுங்கள்.

சில மெஷின்களில் உடம்பின் இரு பக்கமும் கறுப்பு வட்ட மூடி இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் திருகி எடுக்கலாம். இல்லாவிட்டால் பின்பக்க உறையைக் கழற்ற வேண்டும். பிரஷ் 5, 6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தாலோ, ஊசி துருத்திக்கொண்டிருந்தாலோ ஜோடியாக மாற்றுங்கள். நீளம் இருந்தும் கூட்டுக்குள் தூசி அடைத்துச் சிக்கிக்கொண்டிருக்கலாம். கூட்டைத் துடைத்துவிட்டுப் போட்டால் தானாக வழுக்கி இறங்க வேண்டும். கடைக்காரர் பெரிய பிரஷ் ஒன்றை எடுத்து, “ராவினால் சரியாகிவிடும்” என்பார். வேண்டாம். அளவு மட்டுமல்ல, கார்பனின் தரமும் மெஷினுக்கு மெஷின் மாறும். உங்கள் மாடலுக்கானதையே கேளுங்கள். போட்டதும் சுமையில்லாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் பொறி வரும், படிந்ததும் அடங்கிவிடும்.

இத்தனூண்டு தேய்மானப் பொருள், அது வாரண்டியில் வராது என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் அதை எப்படிக் கழற்றுவது என்ற படம் பாதி மெஷின்களோடு வருவதில்லை. நீங்களே திறந்தால் வாரண்டி போய்விடும் என்பார்கள், திறக்கக் கொடுத்தால் மொத்த செட்டையும் மாற்றுவோம் என்பார்கள். பிறகு சாதாரண மனிதன் என்னதான் செய்வான்?

பிரஷ்ஷும் சரி என்றால் மிச்சம் சுவிட்ச். இரும்புத் தூள் உள்ளே போய் காண்டாக்ட் கருகியிருக்கும். மல்டிமீட்டர் இருந்தால், பிளக் வெளியே இருக்கும்போதே அதன் இரண்டு மின் முனைகளில் மீட்டரை வைத்து (எர்த் முனை வேண்டாம்), சுவிட்சை ஆன் நிலையில் வையுங்கள். சில ஓம் காட்டினால் பாதை முழுசாக இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் வைத்த மெஷினில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப முடியாது, உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை பாதையை மறைத்துவிடும். சுவிட்ச்தான் என்று தெரிந்தால் புதிது போடுங்கள், சுரண்டிச் சுத்தம் செய்தது அதிக நாள் வராது.

இதற்குப் பிறகும் கடைக்காரர் ஆர்மேச்சர்தான் என்று அடித்துச் சொன்னால், அதை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். செம்புப் பட்டைகள் வரிசையாக இருக்கும் வளையத்தைப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் மெஷினை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், திருகுகளை எண்ணிக்கொண்டு.