பற்றை வெட்டி: அகலத்தை எதைக் கொண்டு தீர்மானிப்பது?

கேள்வி: நிலாவெளியில் எங்களுக்குள்ள இரண்டு ஏக்கர் தென்னங்காணி, பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்ததால் பற்றையும் வடலியுமாக மூடிவிட்டது. என்னிடம் 27 குதிரைவலுவுள்ள சிறிய நான்கு சில்லு உழவு இயந்திரம் இருக்கிறது. அதற்கு ஆறடி ரொட்டரி பற்றை வெட்டியைப் பூட்டினால் வேலை விரைவாக முடியுமா? (வாசகர், குச்சவெளி)

பதில்: ஆறடி வேண்டாம், நாலடியே பொருத்தம். 27 என்பது எஞ்சினின் வலு. பின்னால் சுழன்று வெட்டிக்கு வலுவைக் கடத்தும் பி.ரி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் 21, 22 அளவில்தான் இருக்கும். வெட்டியின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் பி.ரி.ஓ.வில் ஏறக்குறைய 5 குதிரைவலு வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. இதை மீறினால், அடர்ந்த பற்றையில் சுழற்சி விழுந்து கத்தி செடியை வெட்டாமல் பிய்த்துச் சாய்த்துவிட்டுப் போகும். பின்பாரம் கூடி முன்சில்லு இலேசாகிச் சுக்கானும் பிடிபடாது.

அகலத்தைவிட நீங்கள் கவனமாகப் பார்க்கவேண்டியது, கத்தி குற்றியில் மோதும்போது அந்த அடியைத் தாங்கும் ஏற்பாட்டைத்தான். ஷியர் போல்ட் (பலத்த அடி விழுந்தால் தான் உடைந்து கியர்பெட்டியைக் காக்கும் போல்ட்) உள்ள வெட்டி விலை குறைவு. ஆனால் பழைய தென்னங்குற்றிகள் மறைந்திருக்கும் காணியில் போல்ட் உடைய உடைய இறங்கி மாற்றவேண்டி வரும். ஆகவே அடி விழும்போது உடையாமல் தட்டுகள் வழுக்கித் தாங்கும் நழுவு கிளச் உள்ளதையே வாங்குங்கள். ஆயினும் கடலோர உப்புக்காற்றில் சும்மா நிற்கும் கிளச்சின் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கிளச் நழுவாது, அடி முழுவதும் கியர்பெட்டிக்கே போய்ச் சேரும். ஆண்டுக்கொரு முறையாவது அதன் சுருள்வில்களைத் தளர்த்தி, சில விநாடி நழுவவிட்டு, கைந்நூலில் உள்ள அளவுக்கு மீண்டும் இறுக்குங்கள்.

வெட்டத் தொடங்குமுன் காணியை நடந்து பாருங்கள். தம்பலகாமத்தில் ஒரு வெட்டியின் அடியில் பழைய முட்கம்பி கத்தித்தண்டைச் சுற்றி இறுகி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்திருந்ததைக் கண்டேன். வெளியே தெரிந்தது தட்டில் வழிந்த கறுப்பு எண்ணெய் மட்டுமே. போர்க்காலத்தில் ஆள் நடமாட்டமற்றுக் கிடந்த காணியாயின், கண்ணிவெடி அகற்றப்பட்டதை உறுதிசெய்யாமல் தயவுசெய்து காலடிகூட வைக்காதீர்கள்.

வடலியைக் கோடரியால் தறித்துவிடுங்கள். இலேசுரக வெட்டி ஓர் அங்குலத் தடிப்புக்கே ஏற்றது. பி.ரி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் நிற்க, முதல் தடவை ஆறு அங்குல உயரத்தில் மெதுவாக ஓட்டி, பிறகு தாழ்த்துங்கள். மாரிமழைக்கு முன், புரட்டாதிக்குள் முடித்தால் சில்லுப் புதையாது. கத்தியில் பட்ட கல் 100 மீற்றர் வரைகூடப் பறக்கக்கூடும் என்பதால், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

கேள்வி: எனது பழைய உழவு இயந்திரத்தில் வெட்டி சுழலும்போது கிளச்சை மிதித்தாலும் வண்டி நிற்காமல் முன்னே தள்ளுகிறது. பிரேக் பழுதா? (வாசகர், கந்தளாய்)

பதில்: பிரேக்கையும் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஆனால் நீங்கள் சொல்லும் குறி வேறொன்றைக் காட்டுகிறது. பழைய வண்டிகள் பலவற்றில் பி.ரி.ஓ.வும் சில்லுகளும் ஒரே கிளச்சுக்குப் பின்னாலேயே இணைந்திருக்கும். கிளச்சை மிதித்த பின்னும் பாரமான கத்திகள் சுழன்றுகொண்டிருப்பதால், அந்த வேகம் தண்டு வழியே கியருக்குத் திரும்பி வந்து சில்லுகளை உருட்டுகிறது. பி.ரி.ஓ. தண்டில் ஒருவழிக் கிளச் ஒன்றைப் பூட்டினால், கத்திகள் தாமாகச் சுழன்று ஓயும், வண்டியைத் தள்ளா. அது பூட்டும்வரை வாய்க்கால் வரம்பை அண்டி அந்த வெட்டியை ஓட்டவேண்டாம். பூட்டியபின் தண்டு சற்று நீளமாகிவிடும். வெட்டியை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்து, முட்டினால் அளவாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.