டீன்ஏஜ் பிள்ளைகளோடு கரீபியன் க்ரூஸ்: முதலில் கப்பல், பிறகுதான் தீவுகள்

கேள்வி: மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13. வரும் கோடை விடுமுறையில் மியாமியிலிருந்து 7 இரவு கரீபியன் க்ரூஸ் போக நினைக்கிறோம். கணவர் எச்-1பி விசா, நானும் மகனும் எச்-4, மகள் அமெரிக்காவில் பிறந்தவள். எந்தப் பாதை நல்லது? நால்வருக்கும் ஒரே அறை போதுமா? பிள்ளைகளைத் தனியாகச் சுற்ற விடலாமா? விளம்பர விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்?

பதில்: கப்பலைத் தேடும் முன் நான்கு பேரின் பயண ஆவணங்களையும் எடுத்து விரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் விசாவில் இருக்கும் மூன்று பேருக்கு ஒரு சட்டம், அமெரிக்கக் குடிமகளான மகளுக்கு வேறு சட்டம்.

மியாமியில் ஏறி மியாமியிலேயே இறங்கினாலும், நடுவில் வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போய்வருவதால் நீங்கள் அமெரிக்காவுக்குள் புதிதாக நுழைகிறீர்கள் என்றுதான் கணக்கு. உங்கள் மூவருக்கும் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா முத்திரை, திரும்பும் நாளிலும் செல்லுபடியாக இருக்க வேண்டும். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐ-797 என்ற குடியேற்றத் துறை ஒப்புதல் கடிதம் கையில் இருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையோ காலாவதியாகியிருக்கும். 'கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் திரும்பினால் பழைய முத்திரையே போதுமே' என்று நண்பர்கள் சொல்வார்கள். அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மை. ஆனால் கரீபியன் தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப், ஜே விசாக்காரர்களுக்கு (மாணவர், பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்) மட்டும்தான். எச் விசாவுக்குக் கிடையாது. முத்திரை காலாவதியாகியிருந்தால், புதுப்பித்த பிறகு க்ரூஸைப் பற்றி யோசியுங்கள். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டுமா என்பதையும் பணம் கட்டும் முன்பே பாருங்கள். ஆவணம் சரியில்லை என்று ஏறும் இடத்தில் திருப்பி அனுப்பினால் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது.

மகளுக்கு, கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் பயணம் என்பதாலும் 16 வயதுக்குக் கீழ் என்பதாலும், பிறப்புச் சான்றிதழே சட்டப்படி போதும். இருந்தாலும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். ஏதோ ஒரு தீவில் காய்ச்சலோ எலும்பு முறிவோ வந்து விமானத்தில் திரும்ப வேண்டியிருந்தால் பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஏற முடியாது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும். ஒருவர் வர இயலாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும்.

இனி கப்பல். சின்னக் குழந்தைகளோடு போனால் கடற்கரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. பயணம் முடிந்து அவர்கள் பேசப்போவது கப்பலில் கிடைத்த நண்பர்களைப் பற்றித்தான். அதனால் டீன் கிளப் (டீன்ஏஜ் பிள்ளைகள் கூடும் தனி இடம்) எப்படி இருக்கிறது, அதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை வைத்தே முடிவெடுங்கள். கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் 12 முதல் 14 வயது வரை ஒரு கிளப், 15 முதல் 17 வரை இன்னொன்று. எம்எஸ்சியிலும் அதே பிரிவுதான். டிஸ்னியில் 11 முதல் 14, 14 முதல் 17. நார்வீஜியனில் 13 முதல் 17 வரை எல்லோரும் ஒரே இடத்தில். உங்கள் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கிளப் உள்ள கப்பலையே பரிந்துரைப்பேன். 17 வயதுக்காரர்கள் நிறைந்த அறைக்குள் 13 வயதுப் பெண் நுழைந்தால், ஐந்து நிமிடத்தில் அண்ணன் பின்னால் போய் நிற்பாள். அது இருவருக்குமே சங்கடம். வயதைக் கணக்கிடுவது கப்பல் கிளம்பும் நாளை வைத்து. கிளம்பும் முன் 18 ஆகிவிட்டால் கிளப் கதவு மூடிவிடும். மகனோடு ஒரு வருடம் மூத்த அண்ணன் முறைப் பையனைச் சேர்த்து அழைத்துப் போகும் யோசனை இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

ஜூன், ஜூலையில் போவது கூட்டமும் விலையும் அதிகம்தான், ஆனாலும் உங்களுக்கு அதுதான் சரி. பள்ளி நடக்கும் மாதங்களில் விலை சரியும். கிளப்பிலோ ஆறேழு பேர்தான் இருப்பார்கள், இரண்டு பிரிவையும் ஒன்றாக்கிவிடுவதும் உண்டு. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்றாலும் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. புயல் வந்தால் பெரும்பாலும் பயணம் ரத்தாகாது, பாதைதான் மாறும். கிழக்கே போக வேண்டிய கப்பல் மேற்கே போகும். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் உண்டு. விடுபட்ட துறைமுகத்தின் வரி திரும்பக் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 3, 4 இரவு பஹாமாஸ் பயணங்கள் வேண்டாம். பிள்ளைகளுக்குப் பழக்கம் ஏற்படும் நேரத்தில் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

பாதையில் மேற்கைத் தேர்ந்தெடுங்கள். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் பவளப்பாறைகள் மேல் ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் வைத்து நீரில் மிதந்தபடி பார்ப்பது), கிராண்ட் கேமனில் இடுப்பளவு நீரில் திருக்கை மீன்கள், ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் டன்ஸ் ரிவர் அருவியின் படிப்பாறைகளில் கைகோத்து ஏறுவது என்று உடம்பால் செய்ய நிறைய இருக்கிறது. கிழக்குப் பாதையில் செயின்ட் தாமஸ், சான் ஹுவான் எல்லாம் அழகுதான். காட்சியும் கடைத்தெருவும் பெரியவர்களைத்தான் அதிகம் இழுக்கும். திருக்கை இருக்கும் மணல்திட்டில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நகரச் சொல்லுங்கள், மிதித்தால்தான் கொட்டும். அருவிக்கு நீரில் அணியும் ரப்பர் காலணி கட்டாயம் வேண்டும், வாடகைக்கு எடுப்பதைவிட வாங்கிப் போவது மேல். கிராண்ட் கேமனில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சிறு படகில்தான் இறங்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் அந்த நிறுத்தமே ரத்தாகும் என்பதால், அந்த ஒரு ஊரை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

அறையைப் பற்றி விளம்பரப் படம் சொல்லாததைச் சொல்கிறேன். நான்கு பேருக்கான சாதாரண அறை சுமார் 170 முதல் 185 சதுர அடி. பகலில் அதில் ஒரு இரட்டைக் கட்டிலும் ஒரு சோஃபாவும்தான் தெரியும். இரவு உணவுக்கு நீங்கள் போயிருக்கும்போது பணியாளர் வந்து, கூரையில் மடித்து வைத்த கட்டிலைச் சாவி போட்டு இறக்குவார், சோஃபாவைப் படுக்கையாக்குவார், நடுவில் ஒரு ஏணியைச் சாய்த்து வைப்பார். அதன்பின் குளியலறைக்குப் போக ஏணியைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர வேண்டும். மேல் கட்டிலில் படுத்தவன் எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். நள்ளிரவுக்கு மேல் கிளப்பிலிருந்து திரும்பும் 16 வயதுப் பையன் அந்த ஏணியில் ஏறும்போது மூவரும் விழித்துக்கொள்வீர்கள். ஜன்னல் இல்லாத உள்ளறைகள் இரண்டு, நடுவில் கதவு வைத்தவையாக எடுங்கள். குளியலறையும் இரண்டாகிவிடும். பால்கனி வைத்த ஒரு அறைக்கும் இதற்கும் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்; பல தேதிகளில் வித்தியாசம் பயப்படும் அளவுக்கு இருக்காது.

பதிவு செய்யும்போது 'பக்கத்துப் பக்கத்து அறை' என்று கேட்காதீர்கள், 'உள்ளே இணைப்புக் கதவு' என்று கேளுங்கள், இரண்டும் வேறு. அமெரிக்கத் துறைமுகங்களில் கிளம்பும் கப்பல்களில் ஒரு அறைக்கு 21 வயதான ஒருவராவது வேண்டும் என்பது பொதுவான விதி, பெற்றோர் பக்கத்து அறையில் இருந்தால் பெரும்பாலும் தளர்த்துவார்கள். தளர்த்தாவிட்டால் அறைக்கு ஒரு பெற்றோர் என்று பதிந்து, ஏறியதும் வரவேற்பு மேசையில் கூடுதல் சாவி அட்டை வாங்கிக்கொள்ளலாம். நால்வர் அறையே வேண்டுமென்றால் சீக்கிரம் பதியுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் உயிர்காப்புப் படகின் கொள்ளளவுக்கு மேல் ஆள் ஏற்ற முடியாது என்பதால், அறை காலியாக இருந்தாலும் மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்க்க முடியாமல் போகும். குமட்டல் வரும் உடம்பு என்றால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். குமட்டலைத் தடுக்கும் மெக்லிசின் மாத்திரை 12 வயதுக்கு மேல் கொடுக்கலாம், ஆனால் கப்பலின் ஆட்டம் தொடங்கிய பிறகு கொடுத்தால் பலன் குறைவு.

முதல் நாள் மாலைதான் இந்தப் பயணத்தின் முக்கியமான நேரம். அன்று இரவு டீன் கிளப்பில் அறிமுகக் கூட்டம் நடக்கும், நட்புக் குழுக்கள் அங்கேயே உருவாகிவிடும். 'களைப்பா இருக்கு, நாளைக்குப் போறேன்' என்று சொன்ன பிள்ளை மூன்றாம் நாள் போனால் எல்லோரும் ஏற்கெனவே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அத்துடன் அறைக்குத் திரும்பிவிடும். இருவரையும் 'அரை மணி நேரம் இருந்துவிட்டு வா, பிடிக்காவிட்டால் வற்புறுத்த மாட்டேன்' என்று அனுப்புங்கள். அதற்காகவே அன்று சீக்கிரச் சாப்பாட்டு நேரத்தை எடுங்கள். பெட்டிகள் அறைக்கு வர மாலையாகிவிடும். நீச்சலுடை, மருந்து, சார்ஜர் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். அதே நாளில் அலை விளையாட்டு, கயிற்றில் சறுக்குவது போன்றவற்றுக்கு நீங்கள் கையெழுத்திட வேண்டிய படிவங்களை முடித்துவிட்டால் பிறகு பிள்ளைகள் உங்களைத் தேடி அலைய வேண்டாம்.

தனியாக விடலாமா என்றால், கப்பலுக்குள் தாராளமாக விடுங்கள். அந்தச் சுதந்திரம்தான் அவர்களுக்கு இந்தப் பயணம் தரும் பெரிய பரிசு. ஆனால் நான்கு விஷயம் பேசி முடிவு செய்துகொண்டு விடுங்கள். வேறு யாருடைய அறைக்குள்ளும் போவதில்லை, யாரையும் நம் அறைக்குள் சேர்ப்பதில்லை. சந்திப்பதெல்லாம் பொது இடத்தில்தான். இரவுச் சாப்பாடு நால்வரும் சேர்ந்து. பல கப்பல்களில் 18க்குக் கீழ் உள்ளவர்கள் இரவு 1 மணிக்கு மேல் பொது இடங்களில் தனியே இருக்கக்கூடாது. மகளுக்கு நீங்கள் 11 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காவது, யாராவது கொடுக்கும் பானத்தை வாங்குவதில்லை. கப்பலில் மதுவுக்கு வயது 21. கிண்ணம் கைமாறியது தெரிந்தால் வாங்கிக் கொடுத்தவர், குடித்தவர் இருவர் மேலும் நடவடிக்கை வரும். கரையில் மட்டும் பெற்றோர் இல்லாமல் இறங்க விடமாட்டார்கள், நீங்களும் கேட்க வேண்டாம்.

கரையில் அதிகம் தவறுவது கடிகாரம். கோசுமெல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கும். கோடையில் மியாமி ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கப்பல் மியாமி நேரத்திலேயே இருந்தால், '4:30க்குள் திரும்பவும்' என்பது ஊர்க் கடிகாரத்தில் 3:30. கரையில் சிக்னல் கிடைத்ததும் போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். அதைப் பார்த்து நிதானமாக டாக்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கப்பல் போய்விடும். போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, ஒருவர் கையில் கப்பல் நேரம் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் கட்டுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியாளிடம் பதிந்ததற்குக் காத்திருக்காது. வெளியே மலிவாகக் கிடைத்தால் எடுங்கள், ஆனால் கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே முடியும்படி.

மகனின் பெட்டியில் ராணுவப் பச்சைத் திட்டு போட்ட அரைக்கால் சட்டை இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஜமைக்கா, பார்படோஸ், செயின்ட் லூசியா உள்ளிட்ட பல தீவுகளில் பொதுமக்கள் அந்த உடை அணிவது சட்டப்படி குற்றம், பிள்ளைகளுக்கும் சேர்த்து.

செலவு. சேவைக் கட்டணம் ஒருவருக்கு நாளுக்கு சுமார் 16 முதல் 20 டாலர், பிள்ளைகளுக்கும் முழுசாக. 18 டாலர் என்று வைத்தாலும் நான்கு பேருக்கு 7 நாளில் 504 டாலர். வைஃபை கருவிக் கணக்கில் விற்பார்கள். நான்கு போனுக்கும் வாங்காமல், குடும்பத்துக்குள் செய்தி அனுப்பக் கப்பலின் ஆப் இருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பியதும் நான்கு போனும் ஏரோப்ளேன் மோடுக்குப் போகட்டும். கடலில் கப்பலின் செல்போன் கோபுரத்தைப் போன் பிடித்துக்கொண்டால் வரும் பில் பயணத்தையே கசக்க வைக்கும். பிள்ளைகளின் சாவி அட்டை உங்கள் கிரெடிட் கார்டோடு இணைந்தது. வீடியோ கேம் அறையில் தேய்ப்பதெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். முதல் நாளே வரவேற்பு மேசையில் ஆளுக்கு 50 டாலர் என்று வரம்பு வைக்கச் சொல்லுங்கள். சைவம் என்றால் முதல் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். பெரிய கப்பல்களில் மறுநாளிலிருந்து இந்தியச் சாப்பாடு தனியாகச் செய்து தருவார்கள்.

மருத்துவச் செலவையும், அவசரத்தில் விமானத்தில் தூக்கிவரும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுங்கள். அமெரிக்க மருத்துவக் காப்பீடுகள் பல கப்பல் மருத்துவமனையின் பில்லை நேரடியாக ஏற்பதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் கை சானிடைசருக்கு எளிதில் சாகாது, சாப்பிடும் முன் சோப்பும் தண்ணீரும்தான் மருந்து. மியாமிக்கு முந்தைய நாளே போய்ச் சேருங்கள். விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அடுத்த துறைமுகம் வேறு நாட்டில்.