தாத்தாவின் கேனனெட் கேமராவில் பித்தான் அழுந்தவில்லை. சரிசெய்ய முடியுமா, காட்சிக்கு வைத்துவிடலாமா?

தயவுசெய்து காட்சிக்கு வைத்துவிடாதீர்கள். கேமராவைப் பார்த்தவர் "ஷட்டர் போய்விட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஷட்டர் என்பது படம் எடுக்கும்போது திறந்து மூடி ஒளியைப் பிலிமுக்கு விடும் பகுதி. என் அப்பாவின் கேனனெட் க்யூஎல்17 ஜி-3யைப் பற்றியும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். அதை நம்பிப் பதினேழு வருடம் அதைப் பெட்டிக்குள் போட்டு வைத்தோம். அப்பா போன பிறகுதான் வெளியே எடுத்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் லென்ஸைச் சுற்றியுள்ள துளை வளையம் (ஒளி புகும் துளையின் அளவை மாற்றுவது) எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'ஏ' என்ற எழுத்தில் நின்றால் உங்கள் கேமரா கெட்டிருக்காமலேயே இருக்கலாம். அந்த நிலையில் எவ்வளவு துளை திறப்பது என்பதைக் கேமராவே ஒளிமானியைக் கேட்டு முடிவு செய்யும். பேட்டரி இல்லாவிட்டால் ஒளிமானியின் முள் அசையாது. முள் எல்லைக்குள் வராவிட்டால் பித்தான் பூட்டிக்கொள்ளும். வீணான படம் விழக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வளையத்தை 5.6க்கோ 8க்கோ திருப்பி, பிலிமை நகர்த்தும் நெம்புகோலை முழுதாக இழுத்துவிட்டு அழுத்துங்கள். இது முழுக்க இயந்திர ஷட்டர். நொடியில் 1/4 முதல் 1/500 வரை எந்த வேகத்துக்கும் பேட்டரி தேவையில்லை. (யாஷிகா எலெக்ட்ரோ 35 வைத்திருப்பவர்கள் இதை நம்பிச் சோதிக்க வேண்டாம். அது மின்னணு ஷட்டர், பேட்டரி இல்லாமல் எல்லா வேகமும் கிடைக்காது.) இன்னொன்று, முன்புறம் உள்ள சுயபடக் கம்பியை (சில நொடி தாமதித்துத் தானே படம் எடுக்க வைப்பது) இப்போதைக்குத் தொடாதீர்கள். பழைய கேமராக்களில் அது பாதி வழியில் நின்று எல்லாவற்றையும் சேர்த்து முடக்கிவிடும்.

என் கேமராவில் வளையத்தைத் திருப்பியதும் பித்தான் அழுந்தியது. 'டிக்' என்று சத்தமும் வந்தது. பின்கதவைத் திறந்து விளக்கை நோக்கிப் பிடித்தபடி மறுபடி அழுத்தினேன். வெளிச்சம் வரவில்லை. ஷட்டர் இதழ்கள் மூடியபடியே இருந்தன. உற்றுப் பார்த்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அந்த மெல்லிய தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தது. இவ்வகைக் கேமராக்களில் அடிக்கடி வரும் நோய் இதுதான். மசகு எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கசிந்து இதழ்களில் பரவிப் பசையாகிவிடுகிறது. அந்த இதழ்களை இழுக்கும் வில் மிகச் சிறியது. பசையை மீறித் திறக்க அதற்கு வலு கிடையாது. உடைந்த பாகம் ஒன்றுகூட இல்லை.

முன்பக்கப் பெயர் வளையத்தை ரப்பர் அடைப்பான் ஒன்றால் அழுத்தித் திருகிக் கழற்றினேன். முன் லென்ஸ் தொகுதியை இருமுனைச் சாவியால் எடுத்தேன். லைட்டருக்கு ஊற்றும் நாப்தா திரவத்தை ஊசியால் இரண்டு சொட்டு இதழ்களின்மேல் விட்டு அழுத்தினேன். நடுவில் ஒரு சின்ன நட்சத்திரம்போல் திறந்து மூடியது. சத்தம் போட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். அரை மணி கழித்து, காய்ந்த பிறகு அழுத்தினால் மறுபடி ஒட்டிக்கொண்டது. திரவம் எண்ணெயைக் கரைக்குமே தவிர, வெளியே எடுத்துப் போகாது. காய்ந்ததும் எண்ணெய் அங்கேயே படிந்துவிடும். சொட்டு விட வேண்டும், இருபது முப்பது முறை அழுத்த வேண்டும், நூல் பிரியாத துணி முனையால் ஒற்றியெடுக்க வேண்டும், காய விட வேண்டும், மறுபடி முதலிலிருந்து. எனக்கு ஏழு சுற்று ஆயிற்று. மூன்று நாள். கடைசியில் 1/4 வேகத்தில் வைத்து அழுத்தியபோது உள்ளே பல்சக்கரம் மெல்லச் சுழன்று முடியும் ஓசை தெளிவாகக் கேட்டது. அப்பா என்னைப் படம் எடுக்கும்போது கேட்ட ஓசை அது.

இதைப் படிக்கும் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்கள் என்மேல் கோபப்படக்கூடும். ஷட்டரை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்வதுதான் சரியான முறை, சொட்டு விட்டுக் கழுவுவது அதற்கு ஈடாகாது. ஒப்புக்கொள்கிறேன். நல்ல கைவினைஞர் கிடைத்தால் அவரிடமே கொடுங்கள். ஆனால் நான் அணுகிய இருவரும் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் திருப்புளியை எடுத்தேன். நாப்தா எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பு எதுவும் இல்லாமல் செய்யுங்கள்.

நான் செய்த பெரிய தவறையும் சொல்லியாக வேண்டும். ரேஞ்ச்பைண்டரின் (குவியம் வைப்பதற்காகத் தொலைவைக் கணிக்கும் பகுதி) உயிர், பாதி ஒளியைக் கடத்திப் பாதியைப் பிரதிபலிக்கும் ஒரு சிறு கண்ணாடியில் இருக்கிறது. நாம் பார்க்கும் காட்சியின்மேல் மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டாவது பிம்பத்தைக் கொண்டுவந்து வைப்பது அதுதான். ஷட்டர் வேலை செய்த உற்சாகத்தில் மேல்மூடியைத் திறந்தேன். அந்தக் கண்ணாடியில் புகைபோல் மங்கல் இருந்தது. ஈரப் பஞ்சால் ஒரே ஒரு முறை துடைத்தேன். பஞ்சை எடுத்துப் பார்த்தால் அதில் மங்கலான பொன்னிறம். அழுக்கு என்று நினைத்தேன். அது கண்ணாடியின் பூச்சு. பிம்பத்தில் பாதி அன்றோடு போயிற்று. மற்றக் கண்ணாடிகளை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அதை மட்டும் காற்றூதியால் ஊதுவதோடு விட்டுவிடுங்கள். முன் ஜன்னலின் நடுவில் மிளகளவு கரும்பச்சை ஒளிபுகு தாளை ஒட்டிச் சமாளித்திருக்கிறேன். நேர்க்காட்சி அந்த இடத்தில் இருண்டு, இரண்டாவது பிம்பம் ஓரளவு எழுந்து தெரிகிறது. இன்றும் அதன் வழியாகத்தான் பார்க்கிறேன்.

குவியத்தைச் சரிபார்க்க நிலாவைப் பயன்படுத்தினேன். லென்ஸை முடிவிலியில் வைத்துப் பார்த்தபோது இரண்டு நிலா தெரிந்தது. மங்கலானது வலப்பக்கமும் சற்று மேலேயும் விலகியிருந்தது. ரேஞ்ச்பைண்டரின் ஒரு திருகு அந்தப் பிம்பத்தைப் பக்கவாட்டிலும் இன்னொன்று மேல்கீழாகவும் நகர்த்தும். மயிரிழை அளவு திருப்பினாலே நிலா துள்ளி ஓடுகிறது. இரண்டும் ஒன்றாகச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆனால் அதற்கு முன் லென்ஸே சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிலிம் ஓடும் தண்டவாளத்தின்மேல் மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி, ஷட்டரை 'பி'யில் (பித்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்துவைத்து, தொலைவில் உள்ள பொருள் நாடாவில் கூர்மையாக விழுகிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். இதை விட்டுவிட்டால் நிலா சேர்ந்திருக்கும், படம் மங்கலாக இருக்கும்.

மற்றவை எளிது. பின்கதவு விளிம்பில் உள்ள நுரைப்பட்டை தார்போல் உருகியிருக்கும். மரக்குச்சியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கொண்டு சுரண்டிவிட்டுப் புதிய நுரையோ கறுப்புக் கம்பளி நூலோ வையுங்கள். துகள் ஷட்டர் பக்கம் விழக்கூடாது. கேமரா 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அதன் நச்சுத்தன்மையால் விற்பனை நின்றுவிட்டது. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் ஒளிமானி வெளிச்சத்தை அதிகமாகக் கணித்து, படத்தை இருட்டாக்கிவிடும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட் தரும். பொருந்த ஒரு வளையம் செய்ய வேண்டும், ஒன்றிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும், அவ்வளவுதான்.

கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அப்பா இந்தக் கேமராவில் எடுத்த நெகட்டிவ்கள் இரண்டு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. வீட்டைக் காலி செய்தபோது அண்ணன் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டார். "பிரிண்ட்தான் ஆல்பத்தில் இருக்கிறதே" என்றார். பிரிண்ட் போட்டது பத்தில் ஒன்றுகூட இருக்காது. மற்றப் படங்களில் யார் இருந்தார்கள், அம்மா எந்த வயதில் இருந்தார் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இதை அவரிடம் சொன்னால் இன்றும் "ஒரு பெட்டிக்காக இவ்வளவு பேச்சா" என்கிறார். எனக்கு இது ஆறவே இல்லை. உங்கள் தாத்தாவின் அலமாரியில் நெகட்டிவ் உறைகள் இருந்தால் கேமராவுக்கு முன் அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கைபேசியே போதுமே என்று கீழே யாரேனும் எழுதுவார்கள். அவர்களுக்குப் போதும் என்றால் நல்லதுதான். கேள்வி கேட்டவருக்கு இந்தக் கேமராதான் வேண்டும்.

வளையத்தை 'ஏ'யிலிருந்து திருப்பி, பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி அழுத்துங்கள். பித்தான் அழுந்துகிறதா, இதழ்கள் திறக்கின்றனவா, இல்லை பாதி திறந்து நிற்கின்றனவா என்று எழுதுங்கள். அடுத்து எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.