பல் கேப்பும் ஸ்கேனில் விழுந்த வெள்ளைக் கோடுகளும்

கேள்வி: வயது 46, ஊர் தக்கலை. நான்கு மாதமாக இடப்பக்கம் மூக்கடைப்பு, கன்னத்தில் கனம். சைனஸ் (முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை) சி.டி. ஸ்கேனில், 'பல் உலோகத்தால் ஆர்ட்டிஃபேக்ட், கன்ன சைனஸின் அடிப்பகுதி தெளிவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். படத்தில் வெள்ளைக் கோடுகள். பூஞ்சையாக இருக்குமோ? கடைவாய்ப்பல்லின் மேல் மாட்டியிருக்கும் உலோக உறையை, அதாவது கேப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா? கதிர்வீச்சை நினைத்தாலும் பயம்.

பதில்: கேப்பைக் கழற்ற வேண்டாம் அம்மா. சி.டி. கருவி தலையைச் சுற்றிவந்து எக்ஸ்ரே பாய்ச்சி, எங்கே எவ்வளவு கதிர் தடைபட்டது என்று கணக்குப் போட்டுத்தான் அடுக்கடுக்காகப் படம் வரைகிறது. உலோகம் கதிரைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால் அந்த இடத்தில் கணக்கு பிசகி, பல்லிலிருந்து வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் விசிறிபோல் கிளம்பும். இந்தப் பொய்க் கோடுகளைத்தான் ஆர்ட்டிஃபேக்ட் என்று எழுதியிருக்கிறார்கள். அவை சைனஸ் சுவரையும் தாண்டிக் கன்னம், நாக்கு வரை நேராக ஓடும். பூஞ்சைக் கட்டி அப்படி ஓடாது. சைனஸுக்குள்ளேயே சாம்பல் நிறமாய் அடைத்துக்கொண்டு, நடுவில் வெள்ளைப் புள்ளிகளோடு தெரியும். பல்லுக்கு மேலேயுள்ள அடுக்குகளில் கோடு மறைந்துவிடும், நோய் இருந்தால் அங்கேயும் நிற்கும்.

ஆனால் கோடு பொய் என்பதற்காக உங்கள் தொந்தரவையும் பொய் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மேல் கடைவாய்ப்பல்லின் வேருக்கும் கன்ன சைனஸின் தரைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புதான். ஒரே பக்கம், அதுவும் நான்கு மாதம் என்றால் அந்தப் பல்லின் வேரில் சீழ் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். மூக்கில் கெட்ட வாடை வருகிறதா? பல் மருத்துவரிடம் அந்தப் பல்லுக்கு மட்டும் சிறிய எக்ஸ்ரே எடுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எண்டோஸ்கோப்பியும் (மூக்குக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்துகொள்ளுங்கள். மூக்கில் ரத்தம், கண் வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் தாமதிக்காதீர்கள்.

மறுபடி ஸ்கேன் தேவைப்பட்டால், தலையின் சாய்வை மாற்றி, கேப் சைனஸோடு ஒரே அடுக்கில் விழாதபடி எடுக்கச் சொல்லலாம். மூக்குத்தியையும் கம்மலையும் கழற்றிவிடுங்கள், அவையும் கோடு போடும். எடுக்கும்போது அசையாமல், எச்சில்கூட விழுங்காமல் இருங்கள்.

கதிர்வீச்சு பற்றி: உடலில் படும் கதிர்வீச்சை மில்லிசீவெர்ட் என்ற அளவில் சொல்வார்கள். சைனஸ் ஸ்கேன் பொதுவாக 1 மில்லிசீவெர்ட்டுக்கும் குறைவு. இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் வருகிறது. தானாகவே கதிர்வீசும் மோனசைட் மணல் உள்ள நம் மணவாளக்குறிச்சிக் கரையில் இன்னும் கூடுதல். தேவையில்லாமல் எடுக்கக் கூடாது, தேவையென்றால் பயப்பட வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். எல்லா அடுக்குகளும் அதில்தான் இருக்கும்.