நிலவு போன்ற முகம்

வணக்கம் சார். கோத்தகிரியில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். யாரோ ஒரு படத்தைப் போட்டு 'நீலக்குறிஞ்சி பூத்துவிட்டது' என்று எழுத, அதையே இருபது இடத்தில் வெட்டி ஒட்டிவிட்டார்கள். எனக்கு ஓயாமல் போன். இணையத்தைப் படித்துத்தான் கம்ப்யூட்டர் விஷயங்களைக் கற்றுக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இருபது இடத்தில் இருப்பதால் இதையும் நம்பிவிடாதா? அந்தப் படத்தை இணைத்திருக்கிறேன்.
ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நம்பத்தான் செய்யும்.

கம்ப்யூட்டரைப் படிக்க வைத்தவர்கள் ஆரம்பத்தில் பிடித்துக்கொண்டது வாக்கிய அமைப்பைத்தான். 1992-ல் மார்ட்டி ஹெர்ஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆங்கிலத்தில் இதைச் செய்து காட்டினார். தமிழில் அதற்கு நம் 'போன்ற' இருக்கிறது. 'ஊட்டி, குன்னூர் போன்ற மலைவாசஸ்தலங்கள்' என்று எங்கேயாவது கண்ணில் பட்டால் போதும், ஊட்டியைப் பற்றி வேறொன்றும் தெரியாமலே அது ஒரு மலைவாசஸ்தலம் என்று குறித்துக்கொள்ளும். நல்ல தந்திரம்தான், ஆனால் அடுத்த பக்கத்தில் 'நிலவு போன்ற முகம்' என்று ஒரு கவிதை இருக்கும், நிலவு ஒரு வகை முகம் என்று அதையும் எழுதி வைத்துக்கொள்ளும். நம்மிடம் கவிதைக்கா பஞ்சம்? 'குழந்தைக்குச் சோறு ஊட்டி' என்று வருகிற ஊட்டியை எந்த மலையில் ஏற்றுமோ.

2010 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் நெல் என்று ஒரு புரோகிராமை ஓடவிட்டார்கள் (வயலை நினைக்காதீர்கள், அது ஆங்கிலப் பெயரின் சுருக்கம்). ஒவ்வொரு வகைக்கும் பத்துப் பதினைந்து உதாரணம் கொடுத்து, மீதியை நீயே படித்துச் சேர்த்துக்கொள் என்று விட்டுவிட, இரவு பகலாகப் படித்தது. ஊர் என்று குறித்ததை உணவு என்று குறிக்கக் கூடாது என்பது மாதிரி சில கட்டுப்பாடுகளும் உண்டு. அப்படியும் பிரவுசர் குக்கியை (நாம் பார்க்கிற இணையதளம் நம் கம்ப்யூட்டரில் விட்டுவைக்கிற சின்னக் குறிப்பு) தின்கிற குக்கி பிஸ்கட்டோடு சேர்த்துவிட்டது. அதோடு நின்றதா? குக்கியை அழித்தேன், ஃபைலை அழித்தேன் என்று இரண்டு வாக்கியமும் ஒரே மாதிரி இருக்கவே, ஃபைலும் பேக்கரிக்குப் போய்விட்டது. மனிதர்கள் உட்கார்ந்துதான் திருத்த வேண்டியிருந்தது.

சரி, உங்கள் குறிஞ்சிக்கு வருகிறேன். இருபது இடமும் ஒன்றைப் பார்த்து ஒட்டியது என்றால் சாட்சி ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்குவது சுலபம், ஆளுக்கு நாலு வார்த்தை மாற்றியிருந்தால்தான் கஷ்டம். எனக்கென்னவோ அதைவிடப் பெரிய தொல்லை பெயர்தான் என்று படுகிறது. நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்தது 2030. ஆனால் குறிஞ்சியில் நம் மலையிலேயே பல வகை, பூக்கும் வருஷக் கணக்கும் வேறு வேறு, போதாததற்குக் கணக்குத் தப்பி ஏதோ ஒரு சரிவில் மட்டும் பூத்து நிற்பதும் உண்டு. 'குறிஞ்சி பூத்திருக்கிறது', 'குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும்' என்று இரண்டையும் படிக்கிற இயந்திரம் ஒன்றைப் பொய்யென்று தள்ளினால் அதுவும் தப்பாகலாம், ஏனென்றால் இரண்டும் வேறு செடியைப் பற்றியதாக இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் தூரத்தில் ஒரு சரிவு நீலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இடம் பக்கத்தில் என்றால் ஒரு நடை போய், இலையும் பூவும் தெரிகிற மாதிரி கிட்டே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்தச் சரிவு, என்ன தேதி என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்