தலையில் அடிபட்ட பிறகு கணவர் விலகியே இருப்பது ஏன்?

பைக் விபத்தில் தலையில் அடிபட்டு எட்டு மாதம் ஆகியும் கணவர் நெருங்கி வருவதில்லை, பிரியம் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி அடிபட்டால் எதையும் தானாகத் தொடங்கும் உந்துதலே குறைந்துவிடும். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் அப்படியே உட்கார்ந்திருப்பார், இல்லையா? ஆசையும் அதே கதைதான். (சிலர் நேர்மாறாக, நேரம் காலம் பார்க்காமல் வற்புறுத்துவார்கள். அதுவும் காயத்தால் வருவதுதான், ஆனால் அதற்காக நீங்கள் இணங்கியே ஆகவேண்டும் என்றில்லை.)

அப்புறம், பலர் கவனிக்காமல் விடுவது, ஹார்மோன்களை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி. மூளைக்கு அடியில் மெல்லிய காம்பில் தொங்குகிறது, தலையில் பலமாக அடிபட்டால் அதுவும் பாதிக்கப்பட்டு, ஆசையைத் தூண்டும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கிவிடலாம். காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும், மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை, வலிப்பு மாத்திரை சிலவும் ஆசையைக் குறைக்கும். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரக்கூடும்.

குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, அரைமணி கழித்து மனைவியாகப் பக்கத்தில் படுப்பது உங்களுக்கும் கஷ்டம்தான். முடிந்தால் குளிப்பாட்டுவதை வீட்டில் வேறு யாரிடமாவது விடுங்கள். ராத்திரிக்குள் அவர் களைத்துப்போவார் என்றால் நெருங்கிப் பழகக் காலை நேரம் நல்லது. டிவியை அணைத்துவிட்டு, கையைப் பிடித்து நேராகவே சொல்லுங்கள், ஜாடை இப்போது அவருக்குப் புரியாமல் போகலாம்.