வாசகர் கேள்வி – பதில்: கோட்டை மைதானமும் கைபேசியும்

கேள்வி: தேர்தல் வந்தால் எங்கள் ஊரில் மேடைகளைவிட வாட்ஸ்அப் குழுக்களில்தான் பரபரப்பு அதிகம். இணையத்தால் மக்களாட்சி வளர்கிறதா, தேய்கிறதா?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: தராசில் வைத்து எடை சொல்ல எனக்கு வராது, ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்கிறேன். வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஒரு கட்சிக்காரர் பேசினால், அதை அவருடைய ஆதரவாளரும் எதிர்க்கட்சிக்காரரும் குறிப்பெடுக்க வந்த காவலரும் சுண்டல் விற்பவரும் ஒருசேரக் கேட்டார்கள். அவர் பொய் சொல்லியிருந்தால், அதே இடத்தில் மேடை போட்டு மறுக்க மாற்றுக் கட்சிக்கு வழி இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் சொல்லப்படுவதோ, மறுக்க வேண்டியவரின் காதுக்கே எட்டுவதில்லை. முதலில் எழுதியவர் யாரென்றும் தெரிவதில்லை. நமக்கு அனுப்புபவர் மைத்துனராகவோ பால்காரராகவோ இருப்பதால், அவர்மீதுள்ள நம்பிக்கை அவர் எழுதாத செய்திக்கும் கிடைத்துவிடுகிறது.

இதன் விலையைப் பழைய வட ஆற்காட்டு மக்கள் அறிவார்கள். 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாகக் கைபேசிகளில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தபோது, போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தினர் சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு சந்தேகப்பட்ட கூட்டம் அவர்களைத் தாக்கியதில், மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நடந்த பிறகே, அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு விதித்தது. அது அரசியல் வதந்தி அல்லவே என்பீர்கள். பரவிய வழி ஒன்றுதான்.

2019 ஏப்ரலில் ரத்தான வேலூர் மக்களவைத் தேர்தல் ஆகஸ்ட் 5 அன்று நடந்தபோது, வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள். (முதலில் ரத்தானதற்குக் காரணம் இணையம் அன்று, பிடிபட்ட பணக்கட்டுகள், அந்தப் பழைய நோய் அப்படியேதான் இருக்கிறது.) இவ்வளவு நெருங்கிய போட்டியில், கடைசி இரவில் பரவும் ஒரு பொய்க்கு மறுப்புச் சொல்ல நேரம் ஏது?

கேள்வி: வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரசாரம் கூடாது என்ற தடை கைபேசிக்குப் பொருந்தாதா?
– வாசகி ஒருவர், ஆற்காடு

பதில்: 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஆம் பிரிவு பொதுக்கூட்டம், ஊர்வலம், திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இதை மீறும் பதிவுகளைத் தேர்தல் ஆணையம் சுட்டிக்காட்டிய 3 மணி நேரத்துக்குள் நீக்குவதாக, 2019இல் சமூக ஊடக நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டன. ஆனால் மூடிய குழுவுக்குள் நடப்பதை, அதில் உள்ள ஒருவர் புகார் செய்தாலன்றி ஆணையம் எப்படி அறியும்?

கேள்வி: அப்படியானால் இணையத்தால் வாக்காளருக்குப் பயனே இல்லையா?
– வாசகர் ஒருவர், வாலாஜாபேட்டை

பதில்: உண்டு; ஆனால் அதை யாரும் நமக்கு அனுப்பி வைப்பதில்லை, நாமே தேடிப் போக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளைவாக, வேட்பாளர் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்து விவரங்களையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டியதாயிற்று. தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்கு அலையாமல், ஆணையத்தின் இணையதளத்தில் இன்று அதை எவரும் படிக்கலாம். குடியாத்தத்து வாசகர் தம் தொகுதி வேட்பாளர்களின் பத்திரங்களைத் தம் குழுவில் ஒருமுறை பகிர்ந்துவிட்டு, எத்தனை பேர் திறந்து படித்தார்கள் என்று எனக்கு எழுதட்டும்.